கிளிப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்

நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டினீர்கள், சால்வை போட்டீர்கள், "நாலு வார்த்தை பேசுங்க மேடம்" என்றீர்கள். நான் பேசவில்லை. கையில் கேக்கை வைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் உருப்படியாக எதையும் சொல்ல முடியாது. பாதிக் கவனம் கிரீம் சட்டையில் படாமல் பார்ப்பதிலேயே போய்விடும். அதனால் இப்போது அல்சூரில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிடித்தால் படியுங்கள். பிடிக்காவிட்டாலும் ஒன்றுமில்லை, நான் இனி உங்கள் அப்ரைசல் எழுதப் போவதில்லை.

சர்க்யூட் போர்டு வரைவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. எந்தக் கபாசிட்டரை எங்கே வைப்பது, எத்தனை அடுக்கு வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும், தெரியாவிட்டால் சாஃப்ட்வேருக்குத் தெரியும். நாய்ஸ் வந்தவுடன் நாம் யார் மேல் பழி போடுகிறோம் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதைச் சொல்லித்தரும் சாஃப்ட்வேர் இன்னும் வரவில்லை.

நாய்ஸ் என்றால் காதில் கேட்கும் இரைச்சல் அல்ல என்பதை, தற்செயலாக இதைப் படிக்கும் உங்கள் வீட்டுக்காரர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பியில் நமக்கு வேண்டிய மின்சாரத்தோடு வேண்டாத மின்சாரமும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வேண்டாததுதான் நாய்ஸ். வேண்டியது பெரியதாக இருந்தால் அது தெரியாது. மனிதனின் இதயத் துடிப்பை அளக்கும் ஈ.சி.ஜி. இயந்திரத்தில் வேண்டியதே மிகச் சிறியது. அதனால் அங்கே வேண்டாதது கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் கோடு நடுங்கும். கோடு நடுங்கினால் டாக்டருக்கு எது இதயம், எது இயந்திரம் என்று தெரியாது.

நாம் அப்படி ஒரு ஈ.சி.ஜி. இயந்திரம் செய்தோம். உங்களில் பலர் சேர்வதற்கு முன்பு, பொம்மசந்திராவில் பழைய யூனிட் இருந்தபோது. சின்னப் பெட்டி, ஒரு திரை, பக்கவாட்டில் காகிதச் சுருளில் கோடு போட்டுத் தரும் பிரிண்டர். போர்டை லேஅவுட் செய்தவள் ஸ்டெல்லா. இன்று உங்களுக்கெல்லாம் லீடாக இருக்கிற அதே ஸ்டெல்லாதான். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். டெஸ்டிங் மஞ்சுநாத். ஈ.சி.ஜி.யைச் சோதிக்க ஒரு மனிதன் வேண்டுமே? மஞ்சுநாத் சட்டையைக் கழற்றிவிட்டு லேப் மேசையில் மல்லாந்து படுத்துக்கொள்வான். அந்த மெலிந்த நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக் கோடு எடுப்போம். கொஞ்ச காலத்துக்கு மஞ்சுநாத்தின் இதயம்தான் நம் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. மதியம் அவன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு டெஸ்டிங் கிடையாது, தூங்கிவிடுவான்.

லேபில் கோடு கண்ணாடி மாதிரி வந்தது. பொம்மசந்திரா தயாரிப்பு லைனில், போர்டைப் பொருத்திச் சோதிக்கும் ஜிக்கிலும் எல்லாம் பாஸ். முதல் பெட்டிகள் ஸ்டெல்லா இருந்த அதே காக்ஸ் டவுனில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போயின. அவர்களுக்குப் பிடித்திருந்தால் அவர்களுடைய மற்றக் கிளைகளுக்கும் நம்மிடமே வாங்குவதாகப் பேச்சு. டைரக்டர் அந்தப் பேச்சை நம்பி ஏற்கெனவே ஸ்வீட் கொடுத்திருந்தார்.

அங்கே கோடு நடுங்கியது.

இப்படி நடந்தால் நம் தொழிலில் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். "அவங்க எர்த் சரியில்ல." எர்த் என்பது கட்டடத்தின் பின்னால் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாயிலிருந்து வரும் கம்பி. மண்ணுக்கு அடியில் இருப்பதால் யாரும் உடனே எடுத்துப் பார்க்க முடியாது. ஆகவே பழி போட அதைவிடத் தோதான இடம் கிடையாது. நம் சர்வீஸ் பிரிவு ஆள் போனார், நடுங்கும் கோட்டைப் பார்த்தார், "குழியில தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களும் தினமும் ஒரு பக்கெட் ஊற்றினார்கள். கோடு நடுங்கிக்கொண்டேயிருந்தது.

நானும் ஒரு நாள் போனேன். அங்கே எலக்ட்ரிக் வேலையெல்லாம் கான்ட்ராக்டில் பார்ப்பவர் முனுசாமி. அல்சூர்க்காரர், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஐம்பதைத் தாண்டிய மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். நான் மீட்டரை எடுப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"எர்த் பக்காவா இருக்குது மேடம். நான் நின்னு போட்டது. கரி, உப்பு, எல்லாம் லேயர் லேயரா. லாம்ப் போட்டுக் காட்டட்டா?"

காட்டினார். ஹோல்டரில் பல்பை மாட்டி, ஒரு ஒயரை லைனிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. அவருக்கு அதுவே கோர்ட் தீர்ப்பு. எனக்கு அது போதாது. சுமாரான எர்த்திலும் பல்பு எரியும். அதனால் மீட்டர் வைத்து முறையாக அளந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"எனக்கும் நல்லாத்தான் தெரியுது" என்றேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு மேடம் என் குழியில பக்கெட் பக்கெட்டா ஊத்தச் சொல்றாங்க? செடியா வெச்சிருக்கேன் அங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "மாசக் கடைசியில கான்ட்ராக்ட் ரின்யூவல் இருக்குது மேடம். எர்த் கெட்டுப்போச்சுன்னு பேரு வந்துட்டா இங்க மட்டும் இல்ல, இந்த ஏரியாவுல எவன் என்னக் கூப்பிடுவான்? நாலு க்ளினிக் பாக்குறேன். எல்லாம் இந்த ஆஸ்பத்திரியப் பாத்து வந்தது."

திரும்பி வந்து டைரக்டரிடம் எர்த் சரியாக இருக்கிறது என்றேன். அவர் கெட்டவர் இல்லை, தர்க்கம் தெரிந்தவர். "நம்ம லேப்ல நடுங்கல. பொம்மசந்திராவுல நடுங்கல. அங்க மட்டும் நடுங்குது. அங்க வேற என்ன இருக்கு, எர்த்தத் தவிர?" என்று கேட்டார். மீட்டர் ஒன்று சொல்கிறது, தர்க்கம் வேறொன்று சொல்கிறது. டைரக்டர் அறையில் எப்போதும் தர்க்கம்தான் ஜெயிக்கும். மறுநாள் சர்வீஸ் பிரிவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் போய்விட்டது: கட்டடத்தின் எர்த்திங் குறைபாடு, சரிசெய்யவும்.

முனுசாமி எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. "நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்களே மேடம்" என்றார், அவ்வளவுதான். காரணம் கண்டுபிடிக்கிறேன், மாசக் கடைசிக்குள் சொல்கிறேன் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

அதன்பிறகு லேபில் ஒரே கூத்து. நாய்ஸைப் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் நாய்ஸ் வர வேண்டும். அது வரவேயில்லை. மிக்ஸியை ஓட்டினோம், டிரில் ஓட்டினோம், பழைய டியூப்லைட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் மினுக்கினோம். எர்த் ஒயரையே பிடுங்கிவிட்டு எர்த் இல்லாத அடாப்டரில் ஓட்டினோம். கோடு அசையவில்லை. யாரோ கேண்டீனிலிருந்து சப்பாத்தி சுற்றும் ஃபாயிலைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றினார்கள், வராத நாய்ஸுக்கு முன்ஜாமீன் வாங்குகிற மாதிரி. மஞ்சுநாத் ஏ.சி. குளிரில் வெறும் நெஞ்சோடு படுத்துக்கிடந்து ஜலதோஷம் பிடித்துக்கொண்டான். அவன் தும்மும்போது மட்டும் கோடு குதித்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பை மாட்டித்தான் பார்த்தோம். மின்சாரத்தின் அலையைத் திரையில் காட்டும் கருவியை மாட்டாமல் நாய்ஸைத் தேடுகிறவன் உண்டா? ஸ்கோப்பில் இரண்டு ஊசிகள். ஒவ்வொன்றோடும் ஒரு முதலை வாய்க் கிளிப். கிளிப்பை போர்டின் கிரவுண்டில் கடிக்க வைத்துவிட்டுத்தான் ஊசியால் தொட வேண்டும். கிரவுண்ட் என்பது வேறு, எர்த் என்பது வேறு. எர்த் மண்ணுக்குள் போவது. கிரவுண்ட் போர்டுக்குள்ளேயே இருக்கும் செம்புத் தளம், போன மின்சாரமெல்லாம் திரும்பி வரும் வழி. நம் போர்டில் அந்தத் தளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இதயத்தை அளக்கும் பகுதிக்கு ஒன்று, பிரிண்டர், திரை இவற்றுக்கு இன்னொன்று, நடுவில் ஓர் இடைவெளி, ஒரே ஓர் இடத்தில் மெல்லிய இணைப்பு. "சுத்தமானதையும் அழுக்கானதையும் பிரிச்சு வை" என்பது கம்பெனியின் நெடுநாள் வழக்கம். எந்தக் காலத்திலோ ஒரு போர்டில் அது வேலை செய்ததாம், அதிலிருந்து எல்லா போர்டிலும் கோடு கிழிப்போம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சாமி கும்பிடுகிற மாதிரிதான்.

நம் யூனிட்டில் அப்போது நல்ல ஸ்கோப் ஒன்றுதான் இருந்தது. அதற்காக நமக்கும் பக்கத்து பவர் சப்ளை டீமுக்கும் நடந்த சண்டையை வைத்து ஒரு பாரதமே எழுதலாம். ஒரு நாள் மதியம், மஞ்சுநாத் மேசையில் படுத்திருக்கிறான், பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, கோடு கண்ணாடியாக வருகிறது. பவர் சப்ளை டீம் ஆள் உள்ளே வந்தான். யாரையும் கேட்கவில்லை. "எங்களுக்குப் புக் பண்ணிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கிளிப்பையும் கழற்றி, ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

காகிதத்தில் கோடு நடுங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த அதே நடுக்கம்.

மஞ்சுநாத் தலையைத் தூக்கிப் பார்த்தான். "நோடி மேடம், நோடி! வந்திடுச்சு!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினான். தன் இதயக்கோடு நடுங்குவதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாட்டிய ஒயர்களோடே எழுந்து, "ரீ, ஸ்கோப்பக் கொண்டு வாங்க!" என்று வராண்டாவைப் பார்த்துக் கூவினான். பவர் சப்ளைக்காரன் இது வழக்கமான சண்டைதான் என்று நினைத்து வேகமாக நடந்தான்.

நாங்கள் ஸ்கோப்புக்குக் காத்திருக்கவில்லை. ஸ்டெல்லா ஒரு துண்டு ஒயரை எடுத்து, இரண்டு கிளிப்புகளும் கடித்திருந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பிடித்தாள். நடுக்கம் நின்றது. எடுத்தாள், நடுங்கியது. மறுபடி வைத்தாள், நின்றது. ஒரு கிளிப் சுத்தமான கிரவுண்டில், இன்னொன்று அழுக்கான கிரவுண்டில்; ஸ்கோப்புக்குள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நாங்கள் பிரித்து வைத்ததை ஸ்கோப் ஒட்டவைத்திருந்தது. பொம்மசந்திரா ஜிக்கும் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தது. நோயைப் பார்க்கப் போன ஒவ்வொரு முறையும், பார்ப்பதற்கு முன்பே குணப்படுத்திவிட்டுத்தான் பார்த்திருக்கிறோம். எங்கள் கையில் இல்லாதபோது மட்டும் அந்தப் பெட்டி தன் சுயரூபத்தைக் காட்டியது.

பிறகு போர்டை விரித்துப் பார்த்தால் காரணம் சுலபம். பிரிண்டருக்குப் போகும் செம்புக் கோடுகள் அந்த இடைவெளியைத் தாண்டிப் போகின்றன. போன மின்சாரம் அதே வழியில் திரும்ப வேண்டும், ஆனால் கீழே தளம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஓசூர் ரோட்டில் எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போக டிவைடரில் வழியில்லாமல் யு-டர்ன் தேடிப் போவீர்களே, அப்படி அது சுற்றிக்கொண்டு போய் அந்த ஒரே மெல்லிய இணைப்பில் வந்து நெரிந்தது. வழியில் இருந்த இதயத்தை அளக்கும் பகுதியை உலுக்கிவிட்டுப் போனது.

ஸ்டெல்லா அந்த இடைவெளியில் விரலை வைத்தாள். "மேடம், அந்தக் கோடு நான் கிழிச்சது."

"கிழிச்சது நீ. கிழிக்கச் சொன்னது இந்தக் கம்பெனி. போய் டீ குடி, வந்து சேர்த்துப் போடு" என்றேன். அவள் டீ குடிக்கப் போகவில்லை. உட்கார்ந்து தளத்தை ஒரே தளமாக்கி, பகுதிகளை மட்டும் விலக்கி வைக்கத் தொடங்கினாள். இன்றைக்கு உங்கள் போர்டை ரிவ்யூ செய்யும்போது அவள் முதலில் "இது திரும்பி வர்ற வழி எங்க?" என்று கேட்டு உங்கள் உயிரை வாங்குகிறாளே, அது அன்று ஆரம்பித்த வழக்கம்.

இதுவரை நடந்தது எஞ்சினியரிங். தீர்மானம் எடுக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வந்தது.

டைரக்டர் மிகவும் சந்தோஷப்பட்டார். "சூப்பர். புது போர்டு போட்டு, அப்கிரேடுன்னு சொல்லி மாத்திக் குடுத்திடலாம். அவங்களும் ஹேப்பி, நாமளும் ஹேப்பி."

"ரிப்போர்ட்டு சார்?"

"எந்த ரிப்போர்ட்டு?"

"எர்த் சரியில்லன்னு குடுத்தது."

"அத விடுங்க. கோடு சரியாச்சுன்னா யாரு அத ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க?"

"ஆஸ்பத்திரி மறந்திடும் சார். அந்த எலக்ட்ரீஷியனுக்கு மாசக் கடைசியில வேல போயிடும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க கூடத்தைக் கட்டுனவரோட பொழப்பே போகுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிளைகளின் ஆர்டர் அவர் கண் முன்னால் நின்றது எனக்கும் தெரிந்தது. அதில் நம் எல்லோருடைய சம்பளமும் இருந்தது, அதையும் மறுக்கவில்லை. "சரி, நீங்க போய் என்ன சொல்வீங்க?" என்றார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்வேன்."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னாலும் சொல்வேன்."

அவர் போகாதீர்கள் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. கார் கொடுக்கவில்லை. நான் பஸ்ஸில் ஏறிப் போனேன்.

ஆஸ்பத்திரி நிர்வாகி ஓர் அம்மாள், குறைவாகப் பேசுபவர். அவர் முன்னால் பழைய பெட்டியைத் திறந்து, ஒயர் துண்டை வைத்து ஒரு கோடு, எடுத்துவிட்டு ஒரு கோடு எடுத்துக் காட்டினேன். நர்ஸ் ஒருவர் கையில்தான் ஒயர்களை ஒட்டினோம். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "உங்க எர்த் சரியா இருக்கு. எங்க போர்டுலதான் தப்பு. எங்க ரிப்போர்ட்டு தப்பு" என்றேன். தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது.

அவர் காகிதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப முனுசாமி?"

"அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

விளைவுகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முனுசாமியின் கான்ட்ராக்ட் தொடர்ந்தது. கிளைகளின் ஆர்டர் நமக்கு வரவில்லை. நான் வாயைத் திறந்ததால் வரவில்லையா, வேறு யாராவது விலையைக் குறைத்தார்களா, தெரியாது, யாரும் சொல்லவில்லை. டைரக்டர் சில காலம் என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினார். அந்த வருஷம் தீபாவளிக்கு ஸ்வீட் சின்ன டப்பாவில் வந்தது. எனக்கு வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மறுபடி அதே நிலைமை வந்தாலும் அதே பஸ்ஸில்தான் ஏறுவேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம்.

நிர்வாகி அம்மாள் முனுசாமியைக் கூப்பிடச் சொன்னார். ஆள் வரவில்லை, பின்பக்கம் வேலையாக இருக்கிறார் என்றார்கள். நல்ல செய்தியை நானே சொல்லலாம் என்று கட்டடத்தைச் சுற்றிப் போனேன். மனதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

முனுசாமி இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஈர மண் குவியல், அதில் கறுப்புக் கறுப்பாகக் கரித்துண்டுகள். குழாயைச் சுற்றிப் பாதிக்கு மேல் தோண்டியிருந்தார். புதுக் கரி மூட்டையும் உப்பு மூட்டையும் சுவரோரம் சாய்ந்திருந்தன. யாரும் தோண்டச் சொல்லவில்லை, தன்னுடைய லீவு நாளில் அவராகவே வந்திருக்கிறார்.

"முனுசாமி, காரணம் கெடச்சிடுச்சு. எங்க போர்டுதான். உங்க எர்த்துல ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அன்னிக்கு நீங்க நல்லா இருக்குன்னீங்க. அப்புறம் படிச்சவங்க எல்லாரும் எழுதியே குடுத்துட்டாங்க. ரெண்டு நாள் தூக்கம் வரல மேடம். நான்தான் எங்கியோ கோட்ட விட்டுட்டேன் போலன்னு தோணிடுச்சு. உப்பு கொறச்சலாப் போட்டேனோ, கரி சரியா இடிக்கலியோன்னு." குனிந்து குழாயைப் பார்த்தார். "அப்போ இது நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

நான் சொல்ல வைத்திருந்த எதுவும் அங்கே பொருந்தவில்லை. மீட்டரும் ஸ்கோப்பும் வைத்துக்கொண்டு நாம் ஏசியில் உட்கார்ந்து எழுதிய ஒரு வரி, தன் கையால் சரியாகச் செய்த ஒன்றை அந்த மனிதரே சந்தேகப்பட்டுப் பெயர்க்கும் அளவுக்குப் போயிருந்தது. நாய்ஸ் என்று நான் வாழ்நாளெல்லாம் துரத்தியதில் இதைவிட மோசமான ஒன்றைப் பார்த்ததில்லை. "அவங்க எர்த் சரியில்ல" என்று அடுத்த முறை உங்கள் வாயில் வரும்போது, தயவுசெய்து முதலில் உங்கள் கிளிப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

முனுசாமி கையை நீட்டினார், மேலே ஏறத்தான் என்று நினைத்து நானும் கையைக் கொடுத்தேன். அவர் கேட்டது என் கையை அல்ல, என் பின்னால் கிடந்த மண்வெட்டியை.

"அத எடுத்துக் குடுங்க மேடம். மூடிடறேன்."